வீட்டிலிருந்து ஆன்லைனில் பொடி விற்கிறீர்களா? ஆர்டர் மெதுவாக வரும் மாதங்களில் பார்க்க வேண்டிய கணக்கு

சாம்பார் பொடி தினமும் வாங்குகிற பொருள் இல்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருமுறை சாம்பார் வைக்க இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 15 கிராம் போகும். வாரம் மூன்று முறை வைத்தால் 45 கிராம். 200 கிராம் பாக்கெட் தீர நாலரை வாரம் ஆகிவிடும். இன்று வாங்கியவர் திரும்ப வருவாரா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். பத்து நாள் ஆர்டர் இல்லையென்று விலையைக் குறைப்பதும் புதுப் பொருள் சேர்ப்பதும் இதை மறப்பதால் வருகிற அவசரம். மூன்று சுற்று, அதாவது சுமார் மூன்று மாதம் முடியும்வரை பொருளையும் விலையையும் மாற்றாதீர்கள். ஒரே விதிவிலக்கு, விலையே நஷ்டத்தில் இருந்தால். அதை முதலில் சரிபாருங்கள்.

200 கிராம் பாக்கெட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு: மளிகை 62 ரூபாய், எரிவாயு 4, அரவைக் கூலி 4, கவரும் லேபிளும் 10, உங்கள் உழைப்புக்கு 20. அடக்கம் 100. விற்பது 140 என்றால் மீதி 40. கொரியர் 50, வெளி உறை 6 என்று வைத்து, டெலிவரி இலவசம் என்றும் சொல்லிவிட்டால் ஒரு பாக்கெட் ஆர்டரில் 16 ரூபாய் கைவிட்டுப் போகும். இரண்டு பாக்கெட் என்றால் 24 ரூபாய் நிற்கும். இந்த விலையில் ஒற்றைப் பாக்கெட் ஆர்டர்கள் கூடக் கூட நஷ்டமும் கூடும். அதனால் இலவச டெலிவரி இரண்டு பாக்கெட்டிலிருந்து மட்டும். மளிகை விலையை எழுதும்போது வறுத்து அரைத்த பின் வரும் எடையால் வகுங்கள். ஒரு கிலோ சரக்கு ஒரு கிலோ பொடியாக வராது. ஈரமும் மில்லில் ஒட்டுவதும் போய்விடும்.

எடையிலும் ஒரு கண்ணி உண்டு. பல கொரியர்களில் 500 கிராம் வரை ஒரு கட்டணம், தாண்டினால் அடுத்த படி. 250 கிராம் பாக்கெட் இரண்டு போட்டால் உறையோடு சேர்ந்து தாண்டிவிடும். 200 கிராம் இரண்டு என்றால் உள்ளே நிற்கும். பெட்டி அளவையும் பாருங்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துப் பருமன் எடை போடுகிற கொரியர்கள் உண்டு. 25, 20, 10 அளவுள்ள பெட்டி அந்தக் கணக்கில் ஒரு கிலோ, உள்ளே 400 கிராம்தான் இருந்தாலும்.

அடுத்து நோட்டு. தேதி, பெயர், ஊர், யார் சொல்லி வந்தார், என்ன வாங்கினார், மறுபடி எப்போது வாங்கினார். சொந்தக்காரர்களையும் தோழிகளையும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் மாத ஆர்டர்களில் பெரும்பங்கு அவர்கள் பிரியத்துக்கு வாங்குவது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில் அது வற்றும்போது வியாபாரமே படுத்ததுபோலத் தோன்றும். பலர் கைவிடுவது அங்கேதான். வெளியாட்களின் பக்கத்தை மட்டும் பாருங்கள்: இருபது பேரில் ஐந்து பேராவது திரும்ப வந்திருந்தால் பொருள் நிற்கும் என்பது எங்கள் கணிப்பு.

திரும்ப வராதவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லா இருந்துச்சுங்க" என்பார். "காரம் தூக்கலா இருந்துச்சா? பெருங்காயம் போதுமா?" என்று கேளுங்கள், உண்மை வரும். பாக்கெட் போய்ச் சேர்ந்த 25-ஆம் நாள் வாட்ஸ்அப்பில் ஒருவரி நினைவூட்டல் போதும். ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் சாதாரண பிராட்காஸ்ட் பட்டியலை நம்பியிருந்தால் ஒன்று கவனியுங்கள்: உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போகும். "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்ற சீட்டைப் பாக்கெட்டோடு வையுங்கள்.

ஆர்டர் குறைவான நாளில் மொத்தமாக அரைத்து வைக்கும் ஆசை வரும். வேண்டாம், மணம் போய்விடும். சனி இரவு ஆர்டர் முடித்து, ஞாயிறு வறுத்து, திங்கள் காலை அரைத்து, ஆறவிட்டு, மாலை அனுப்புங்கள். வார இறுதியில் பார்சல் கிடங்கில் கிடக்காது. மில்லில் முந்தியவர் அரைத்த மாவு ஒட்டியிருக்கும். முதல் கைப்பிடியை ஒதுக்குங்கள். சூடாகவே கவரில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும், பிறகு பூஞ்சை. லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், தயாரித்த தேதி, நிகர எடை விடுபடக் கூடாது.

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, யுபிஐ அதற்கே. வீட்டுச் செலவு அதில் கலந்தால் லாபம் வருகிறதா என்பதே தெரியாமல் போகும். கட்டண விளம்பரத்தை, வெளியாட்கள் திரும்ப வரத் தொடங்கிய பிறகு, அந்தக் கணக்கில் மிஞ்சிய லாபத்திலிருந்து மட்டும் செய்யுங்கள். இரண்டாவது பொருளும் அப்போதுதான். அதையும் ஏற்கனவே வாங்கும் மளிகையிலிருந்தே வருகிற ரசப் பொடிபோல எடுத்தால் முடங்கும் பணம் குறையும்.