சர்வர் பூட் ஆகாம எங்க நிக்குதுன்னு பாக்குறதும், ரன் லெவல் மாத்துறதும்

மெஷின் ஓசூர் சிப்காட்ல, நீங்க உக்காந்திருக்கிறது கிருஷ்ணகிரில, நடுவுல 50 கிலோமீட்டர். ரன் லெவல்னா மெஷின் எந்தெந்த சர்வீஸோட ஓடணும்ங்குறதுக்கு ஒரு நம்பர். அத மாத்துற கமாண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி இந்த தூரத்த ஒருவாட்டி நெனச்சுக்கோங்க. ஏன்னா எஸ்எஸ்ஹெச்ல (நெட்வொர்க் வழியா தூரத்துல இருந்து லாகின் பண்றது) இருந்துகிட்டு இனிட் 1 அடிச்சா சிங்கிள் யூசருக்கு, அதாவது ஒரே ஆளு ரிப்பேர் பாக்குற லெவலுக்கு போயிரும், நெட்வொர்க் நின்னுரும், உங்க கனெக்‌ஷனும் அதோட போச்சு, அப்புறம் பஸ் ஏறிப் போய் மானிட்டரும் கீபோர்டும் சொருகித்தான் ஆகணும் (ரிமோட் கன்சோல் இருக்குற சர்வர்னா தப்பிச்சீங்க).

சரி, மொதல்ல பூட். பவர் போட்டதும் பயாஸ், புது மெஷின்னா யுஇஎஃப்ஐ, ராம், டிஸ்க் எல்லாம் இருக்கான்னு பாத்துட்டு, ஓஎஸ்ஸ ஏத்துற பூட் லோடர தேடும். பழைய பயாஸ் மெஷின்ல டிஸ்கோட மொத 512 பைட்லதான் அதோட ஆரம்பம். லினக்ஸ்ல பெரும்பாலும் கிரப் இருக்கும், அது கெர்னலையும் (ஓஎஸ்ஸோட மையப்பகுதி) இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (ரூட்ட மவுண்ட் பண்ண வேண்டிய டிரைவர் எல்லாம் இருக்குற தற்காலிக ஃபைல் சிஸ்டம்) மெமரில ஏத்தும், ரூட் ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகும், கடைசில பிஐடி 1ஆ, அதாவது மொத ப்ராசஸா இனிட் கெளம்பும். மத்த ப்ராசஸ் எல்லாத்துக்கும் ஆரம்பம் அதுதான்.

இந்த வரிசை மனசுல இருந்தா போதும், ஸ்கிரீன பாத்தே எங்க மாட்டிக்கிச்சுன்னு சொல்லிரலாம். கிரப் மெனுவே வரலன்னா டிஸ்க் இல்ல பூட் லோடர பாருங்க. ரூட்ட மவுண்ட் பண்ண முடியலன்னு கெர்னல் பேனிக் வந்தா இனிட்ராம்எஃப்எஸ்ஸோ கிரப்ல குடுத்த ரூட் பேரோ தப்பு. லாகின் வருது ஆனா வெப்சைட் வரலன்னா இனிட் வரைக்கும் எல்லாம் ஒழுங்கு, சர்வீஸ்லதான் கோளாறு.

பழைய யூனிக்ஸான சிஸ்டம் ஃபைவோட வழில ஓடுற மெஷின்ல இனிட் வந்ததும் எட்சி டைரக்டரிக்குள்ள இருக்குற இனிட்டேப் ஃபைல படிக்கும். அதுல இனிட்டிஃபால்ட்னு ஒரு வரி இருக்கும், அங்க இருக்குற நம்பர்தான் மெஷின் எந்த லெவலுக்கு போய் நிக்கணும்ங்குறது. அங்க 0வோ 6ஓ மட்டும் போட்டுறாதீங்க, 0ன்னா ஆன் ஆனதும் ஆஃப் ஆகும், 6ன்னா விடிய விடிய ரீபூட் ஆகிட்டே கெடக்கும்.

ரெட் ஹேட் வகைல 1 சிங்கிள் யூசர், 2 என்எஃப்எஸ் (நெட்வொர்க்ல ஃபைல் ஷேர் பண்றது) இல்லாத மல்டி யூசர், 3 முழு மல்டி யூசர், 4 சும்மா கெடக்கும், 5 கிராஃபிக்ஸோட. டெபியன்ல 2ல இருந்து 5 வரைக்கும் எல்லாம் ஒண்ணுதான். ஆனா சோலாரிஸ்ல 5ன்னா பவர் ஆஃப்! லினக்ஸ் பழக்கத்துல அங்க போய் இனிட் 5 அடிச்சீங்கன்னா ஆஃபீஸே உங்கள தேடும். அதனால புது மெஷின்ல கைய வைக்கிறதுக்கு முன்னாடி அது என்ன யூனிக்ஸ், இனிட்டோட மேன் பேஜ் என்ன சொல்லுதுன்னு பாத்துருங்க. பிஎஸ்டில ரன் லெவல்ங்குற சமாச்சாரமே கெடையாது.

இப்ப எதுல இருக்குன்னு பாக்க ரன்லெவல்னு அடிங்க, இல்லாட்டி ஹூ அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு மைனஸ் ஆர். ரன்லெவல் அடிச்சு N 3ன்னு வந்தா, பூட் ஆனதுல இருந்து வேற லெவலுக்கு மாறல, இப்ப 3ல இருக்குன்னு அர்த்தம்.

லெவல் மாறும்போது உள்ள நடக்குறதுதான் சுவாரசியம். ஒவ்வொரு லெவலுக்கும் ஆர்சி3.டி மாதிரி ஒரு டைரக்டரி, உள்ள இருக்குறதெல்லாம் இனிட்.டில இருக்குற ஸ்கிரிப்ட்டுக்கு லிங்க். பேரு கேல ஆரம்பிச்சா நிறுத்துறது, எஸ்ல ஆரம்பிச்சா கெளப்புறது, கே எல்லாம் முடிஞ்சுதான் எஸ். நடுவுல இருக்குற நம்பர்தான் வரிசை, ரெட் ஹேட்ல எஸ்10 நெட்வொர்க், எஸ்55 எஸ்எஸ்ஹெச்டி, எஸ்85 வெப் சர்வரான ஹெச்டிடிபிடி. மாங்கா சீசன்ல நம்மூரு கூழ் ஃபேக்டரில பாய்லர்ல ஸ்டீம் ஏறாம லைன ஓட்ட மாட்டாங்கல்ல, அப்படித்தான். நீங்களா எழுதுன ஸ்கிரிப்ட்டுக்கு எஸ்05ன்னு பேரு வச்சுட்டு நெட்வொர்க் கெடைக்கலன்னு பொலம்பக்கூடாது.

புது லினக்ஸ்ல, அதாவது 2014ல வந்த ரெட் ஹேட் 7, 2015ல வந்த டெபியன் 8ல இருந்து, பழைய இனிட்டுக்கு பதிலா சிஸ்டம்டிதான். லெவலுக்கு பதிலா டார்கெட். 3க்கு மல்டி-யூசர், 5க்கு கிராஃபிக்கல், 1க்கு ரெஸ்க்யூ. சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட் போட்டா எதுல பூட் ஆகுதுன்னு காட்டும், செட்-டிஃபால்ட்ல மாத்திக்கலாம், இப்பவே மாறணும்னா ஐசொலேட். ரெஸ்க்யூவுக்கு ஐசொலேட் பண்ணாலும் மேல சொன்ன அதே பஸ் கதைதான்.

ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் ரெஸ்க்யூ வேணும்னா செட்டிங் எதையும் தொட வேணாம். கிரப் மெனுல இ அழுத்தி லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசில சிங்கிள்னு சேத்து கண்ட்ரோல் எக்ஸ் அழுத்துங்க.

ரீபூட்டுக்கு நான் இனிட் 6 பக்கமே போறதில்ல. ஷட்டவுன் மைனஸ் ஆர் பிளஸ் 10ன்னு குடுத்தா உள்ள இருக்குறவங்களுக்கு தகவல் போகும், வேலைய சேவ் பண்ண 10 நிமிஷம் கெடைக்கும், மனசு மாறுனா ஷட்டவுன் மைனஸ் சி போட்டு நிறுத்திரலாம்.

அடிக்கடி மாட்டுற எடம் இன்னொண்ணு, எஃப்எஸ்டேப், பூட்ல எந்தெந்த டிஸ்க் மவுண்ட் ஆகணும்னு எழுதி வச்சிருக்கிற ஃபைல். பேக்கப்புக்கு யூஎஸ்பி டிஸ்க்க அதுல எழுதி வச்சுட்டு டிஸ்க்க யாராச்சும் கழட்டிட்டா, சிஸ்டம்டி 90 செகண்ட் காத்திருந்து பாத்துட்டு எமர்ஜென்சி மோடுல நின்னு ரூட் பாஸ்வேர்ட் கேக்கும். பாஸ்வேர்ட் குடுத்து உள்ள போங்க, ரூட் ரீட்-ஒன்லியா இருந்தா ரீட்-ரைட்டா ரீமவுண்ட் பண்ணிட்டு அந்த வரில நோஃபெயில் சேத்துருங்க, அடுத்த பூட்ல அந்த டிஸ்க் இல்லாட்டியும் நிக்காது.