பச்சோந்திக்கு இரை: வயல் வெட்டுக்கிளியைத் தொடாதீர்கள்

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கமெல்லாம் யேமன் பச்சோந்தி வளர்க்கும் பிள்ளைகள் அங்கொருவர் இங்கொருவராக வந்துவிட்டார்கள். சந்தேகம் கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால், ஆரம்பத்தில் நாங்கள் செய்த தப்புகளையே அதே வரிசையில் செய்கிறார்கள். அடிக்கடி கையில் தூக்காதே, கிண்ணத்துத் தண்ணீரை அது குடிக்காது, இலைமேல் தெளித்துவிடு என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். இரை விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நம்மூர் வேலியிலும் கருவேல மரத்திலும் திரியும் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யேமன் பச்சோந்தி போன்ற வெளிநாட்டு இனத்துக்கும் 2024 விதிகளின்படி பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு வேண்டும். காகிதம் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

மீல் வார்ம் (மாவுப்புழு) மட்டுமே போடுவது

டப்பாவில் கிடைக்கிறது, ஓடாது, கத்தாது. அதனால் மாதக்கணக்கில் அதையே போடுகிறார்கள். கொழுப்பு அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வாரத்தில் ஒரு வேளை போதும்.

வயலில் இறங்கிப் பிடிப்பது

“ஒரே பூச்சியைப் போடாதே, மாற்றி மாற்றிக் கொடு” என்று சொன்னவுடன் டெல்டாக்காரன் செய்யும் முதல் வேலை, வலையை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்குவது. சுற்றிலும் வயல், வயல் நிறைய வெட்டுக்கிளி, காசும் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இது நிற்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான்.

ஜூன் மாதம் மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நட்டதிலிருந்து யோசித்துப் பாருங்கள். நடவு வயலுக்குக் குருணை மருந்து. பிறகு இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஒரு தெளிப்பு, குருத்துப்பூச்சிக்கு ஒன்று, கதிர் வரும் சமயம் புகையான் தெரிந்தால் இன்னொன்று. சம்பா, தாளடியிலும் இதே கதைதான். “அறுவடை முடிஞ்சுடுச்சே” என்பார்கள். தாளடி அறுத்த ஈரத்தில் உளுந்தும் பயறும் நிற்கும், அதற்கும் மருந்து உண்டு. கோடையில் பருத்தி போட்டால் கேட்கவே வேண்டாம். சுத்தமான பருவம் என்று ஒன்று நம் வயலில் இல்லை.

போன சம்பாவில் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் கூப்பிட்டான். “அண்ணே, சாயங்காலம் ஒரு டப்பா நிறையப் புடிச்சேன். கையாலயே எடுத்தேன்ணே, ஒண்ணுகூடப் பறக்கல.” எனக்கு அடிவயிறு கலங்கியது. டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வெட்டுக்கிளிகள் ஒருக்களித்துக் கிடந்தன. பின்னங்காலை நீட்டி மடக்கி நீட்டி மடக்கி, நிமிரத் தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றின. நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்து பட்ட பூச்சி பல நேரம் உடனே சாவதில்லை, முதலில் நிதானம் இழக்கும். கையில் சுலபமாகச் சிக்கும் பூச்சி, மருந்து பட்ட பூச்சியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆரோக்கியமான வெட்டுக்கிளி உங்கள் நிழல் விழுந்தாலே போய்விடும்.

அதற்குள் அவன் நான்கைப் போட்டுவிட்டான். இரவே பச்சோந்திக்கு வாயில் எச்சில் வழிந்தது, உடம்பு உதறியது, கிளையைப் பற்ற முடியவில்லை. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைப் பக்கத்தில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மறுநாள் மதியம் ஆகிவிட்டது. பிழைக்கவில்லை.

“எங்க வயல்ல மருந்தே அடிக்கலண்ணே” என்று அழுதான். அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். வெட்டுக்கிளிக்கு எந்த வரப்பு யாருடையது என்று தெரியாது. பக்கத்து வயலில் பவர் ஸ்பிரேயர் வைத்தாலும் டிரோன் விட்டாலும் காற்று இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடும். இயற்கை விவசாயம் செய்கிற வயலென்றாலும், சுற்றியுள்ள வயல்களுக்கு யார் பொறுப்பு? பிடித்து இரண்டு நாள் டப்பாவில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுவதாகச் சிலர் சொல்கிறார்கள். சாகாத பூச்சியிலும் மருந்து இருக்கலாம். இதில் நடுவழி கிடையாது.

மாற்றி மாற்றிக் கொடுக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. கிரிக்கெட் பூச்சியை, அதாவது சுவர்க்கோழியை, பிளாஸ்டிக் தொட்டியில் முட்டை அட்டை அடுக்கி வளர்க்கலாம். நம் வெயில் அதற்குத் தோதானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் அட்டையில் பூஞ்சை பிடித்துக் கூட்டமாகச் சாகும். அப்போது அட்டையை அடிக்கடி மாற்றி, மூடியில் வலை போட்டுக் காற்று விடுங்கள். துபியா கரப்பான் இன்னும் சுலபம், சத்தமும் நாற்றமும் குறைவு. கோழிக்கும் மீனுக்கும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு வளர்க்கிறவர்களிடம் ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள். மற்ற இரைப்பூச்சிகளில் இல்லாத அளவு கால்சியம் அதில் இருக்கிறது. பட்டுப்புழு கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

மின்மினி

ஒன்றுகூட வேண்டாம். சில மின்மினி இனங்களின் உடம்பில் இருக்கும் நஞ்சு இதயத்தைத் தாக்கும். பல்லி இனங்கள் செத்திருக்கின்றன. ராத்திரி விளக்குக்குத் தானாக வந்து விழும் பூச்சிகளுக்கும் இதே பதில்.

பூச்சியைப் பட்டினி போடுவது

பார்சலில் வந்த கிரிக்கெட்டை அப்படியே கூண்டில் கொட்டுகிறார்கள். வழியெல்லாம் பட்டினி கிடந்த பூச்சியின் வயிற்றில் ஒன்றும் இருக்காது. ஒரு நாளாவது அதற்குத் தீனி போடுங்கள். கொல்லையில் மருந்து படாத முருங்கை இருந்தால் அந்தக் கீரை, கேரட், பறங்கிக்காய். கடைக்கீரையை நம்பாதீர்கள்.

கால்சியத்தை மறப்பது

பெரும்பாலான பூச்சிகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. டப்பாவில் பூச்சியைப் போட்டு வெறும் கால்சியம் பவுடர் ஒரு சிட்டிகை தூவிக் குலுக்கிக் கொடுங்கள். வைட்டமின் டி3 கலந்த பவுடர் மாதம் இரண்டு முறை. புற ஊதாக் கதிர் தரும் யூவிபி குழல்விளக்கு இல்லாவிட்டால் பவுடர் மட்டும் காப்பாற்றாது. நாக்கு முன்போல் எட்டாமல் குறி தவறினால், கை கால் வளையும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பெரிய பூச்சி

பச்சோந்தியின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்துக்குமேல் வேண்டாம்.

மிச்சத்தை இரவில் விடுவது

பசித்த கிரிக்கெட், தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். எண்ணிப் போடுங்கள், விளக்கை அணைக்கும் முன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

கேட்கிறதே என்று போட்டுக்கொண்டே இருப்பது

குட்டிக்குத் தினமும். வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். யேமன் பெண் பச்சோந்தி ஆண் இல்லாமலே முட்டை வைக்கும். தீனி கூடக்கூட முட்டையும் கூடும், முட்டை இறங்காமல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கண்ணை உருட்டி உங்களையே பார்த்தாலும் அடுத்த வேளைவரை டப்பாவைத் திறக்காதீர்கள்.