அப்டேட் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லையா? ஃபார்மட்டை மட்டும் தொடாதீர்கள்

போன வைகாசியில், முகூர்த்தம் அடுத்தடுத்து இருந்த வாரம், காவேரிப்பட்டணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ராத்திரி பத்தரைக்குக் கூப்பிட்டார். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு ஏற்றி முடித்து, கல்யாண வீடியோ எல்லாம் இருக்கும் 2 டிபி டிஸ்க்கைச் செருகியிருக்கிறார். டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் (அதாவது உள்ளதைத் துடைத்துப் புதிதாக்கினால்தான்) பயன்படுத்த முடியும் என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. "தம்பி, ஃபார்மட் பண்ணச் சொல்லுது, பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்ணா, கேன்சல் கொடுத்துட்டு கையை எடுங்க" என்றேன். பெட்டி அப்படிக் கேட்பதற்கு உள்ளே இருப்பதைத் தன்னால் படிக்க முடியவில்லை என்பதுதான் அர்த்தம். ஃபைல் அழிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. பெரும்பாலும் எல்லாம் உள்ளேயே இருக்கும், நாம் பதறிப்போய் ஒரு பட்டனை அமுக்கும்வரை.

முதலில் கேபிளைப் பாருங்கள். அண்ணன் வீட்டில் கோளாறே அதுதான். கேபினட்டின் முன்பக்க யூஎஸ்பியில், வேறு ஏதோ போனோடு வந்த நீளமான கேபிளில் டிஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. தனி அடாப்டர் இல்லாத சின்ன டிஸ்க்குகளுக்கு மின்சாரமும் அந்த யூஎஸ்பி வழியாகத்தான் போக வேண்டும், அது குறைந்தால் டிஸ்க் பாதி முழித்துப் பாதி தூங்கும். டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளை எடுத்து மதர்போர்டில் நேராக இருக்கும் பின்பக்கப் போர்ட்டில் செருகச் சொன்னேன், திறந்துவிட்டது. முடிந்தால் இன்னொரு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பாருங்கள். அங்கே திறந்தால் டிஸ்க் நல்லா இருக்கிறது, முதல் வேலையாக முக்கியமான ஃபைல்களைக் காப்பி எடுத்துவிடுங்கள்.

அதிலும் வழிக்கு வரவில்லையா, ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். மை கம்ப்யூட்டரில் காணாத டிஸ்க் பெரும்பாலும் இங்கே இருக்கும். கீழ்ப்பாதியில் இடது ஓரம் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று சாம்பல் நிறக் கட்டங்கள், அவற்றுக்கு வலப்பக்கம் பார்ட்டிஷன்கள், அதாவது அந்த டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகள். உங்கள் டிஸ்க்கை அதன் அளவை வைத்து அடையாளம் பிடியுங்கள் (2 டிபி டிஸ்க் அங்கே 1863 ஜிபி என்று காட்டும், பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு).

பார்ட்டிஷன் மேல் நீலப் பட்டை, ஹெல்தி என்று எழுத்து, ஆனால் டிரைவ் எழுத்து (சி, டி, ஈ போல) மட்டும் இல்லை என்றால் கவலையே வேண்டாம். அதன் மேல் ரைட் கிளிக், சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ், ஆட் கொடுத்து பழைய எழுத்தையே தேர்ந்தெடுங்கள். பழைய எழுத்து என்பது முக்கியம். அண்ணனுக்கு டிஸ்க் திறந்த பிறகும் எடிட்டிங் மென்பொருளில் கிளிப் ஒன்றுகூட வரவில்லை, டைம்லைன் முழுக்கச் சிவப்பு. ஏனென்றால் முன்பு ஈ டிரைவாக இருந்தது இப்போது ஜி ஆகிவிட்டது, ஈ எழுத்தை ஒரு கார்டு ரீடர் பிடித்து வைத்திருந்தது. கார்டு ரீடரை இசட்டுக்குத் தள்ளிவிட்டு ஈ-யை டிஸ்க்குக்குக் கொடுத்ததும் சிவப்பெல்லாம் போய் மாப்பிள்ளை அழைப்பு ஓட ஆரம்பித்தது. கடைக் கணக்கு எழுதும் மென்பொருளும் இப்படித்தான், டேட்டா எங்கே என்று எழுத்தை வைத்தே தேடும்.

இடது கட்டத்தில் ஆஃப்லைன் என்றிருந்தால் அந்தக் கட்டத்தின் மேலேயே ரைட் கிளிக் செய்து ஆன்லைன் கொடுங்கள், அவ்வளவுதான். பூட்டுப் படம் தெரிந்தால் அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. பாஸ்வேர்டோ 48 இலக்க ரெக்கவரி கீயோ கேட்கும். கீயை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்க வாய்ப்பு உண்டு, போனில் அந்தக் கணக்கில் நுழைந்து தேடுங்கள். கீ இல்லாமல் திறந்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரா (RAW, உள்ளே இருப்பது விண்டோஸுக்குப் புரியவில்லை) என்றோ, நாட் இனிஷியலைஸ்டு (டிஸ்க் இன்னும் தயார் செய்யப்படவில்லை) என்றோ, கறுப்புப் பட்டையோடு அன்அலொகேட்டட் (பார்ட்டிஷன் இல்லாத வெற்றிடம்) என்றோ வந்தால்தான் நிஜமாகவே நிதானம் வேண்டும். அங்கே இனிஷியலைஸ், நியூ சிம்பிள் வால்யூம் என்று எது கேட்டாலும் ஓகே கொடுக்காதீர்கள், ஏற்கெனவே டேட்டா இருக்கும் டிஸ்க்குக்கு அவை விஷம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள், நீலம் நல்லது, மஞ்சளோ சிவப்போ வந்தால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது. நீலம் என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு இலவச மென்பொருளால் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடலாம், ஆனால் மீட்கும் ஃபைல்களை வேறு டிஸ்க்கில்தான் எழுத வேண்டும், அதே டிஸ்க்கில் கூடாது. டிக் டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால் இதெல்லாம் வேண்டாம், உடனே கழற்றி வைத்துவிட்டு டேட்டா மீட்பவர்களிடம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறை செருகும்போதும் இன்னும் கொஞ்சம் போகும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே இல்லை, ஆனால் வேறு கம்ப்யூட்டரில் திறக்கிறது என்றால் டிரைவர் (டிஸ்க்கோடு விண்டோஸ் பேச உதவும் சின்ன மென்பொருள்) கோளாறாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கைக் கண்டுபிடித்து அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து, கழற்றிச் செருகினால் டிரைவர் புதிதாக ஏறும். அதற்கும் மசியவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் கோ பேக் இருக்கிறது, பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். ஆனால் வழக்கமாக 10 நாள்தான் அவகாசம், அதனால் பெரிய அப்டேட் போட்டவர்கள் அந்த வாரத்துக்குள்ளேயே பீரோவில் இருக்கும் டிஸ்க்குகளையும் எடுத்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துவிடுங்கள்.