தேனீ வரட்டும் என்று செடி வைத்துவிட்டு நாமே விரட்டுகிற விதங்கள்

செடி வாங்கி வைத்தாயிற்று, பூவும் பூத்துத் தள்ளுகிறது, ஆனால் ஒரு தேனீயைக்கூடக் காணோம் என்று சலித்துக்கொள்கிறவர்களின் தோட்டத்தில் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது அடுக்குப் பூக்கள்தான். அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு ரோஜா எல்லாம் பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் இதழ்களில் பல, மகரந்தத்தாள்களாக வளர வேண்டியவை இதழாக மாறிப்போனவை. அதனால் மகரந்தம் குறைவு. பூந்தேன் இருந்தாலும் இதழ்க் கூட்டத்துக்குள் புகுந்து எடுப்பது தேனீக்குப் பெரும்பாடு. நடுப்பகுதி திறந்திருக்கிற ஒற்றைப் பூக்கள் போதும். துளசி, கொத்தமல்லி இரண்டையும் கிள்ளாமல் பூக்க விட்டுப் பாருங்கள், அவ்வளவு சின்னப் பூவுக்கு எவ்வளவு கூட்டம் என்று ஆச்சரியமாக இருக்கும்.

வகைக்கு ஒன்றாகப் பத்துச் செடி வாங்குவதும் வேண்டாம். ஒரு நடை கிளம்பிய தேனீ பெரும்பாலும் ஒரே வகைப் பூவாகத்தான் தேடிப் போகும், ஆகவே ஒரே செடி நான்கைந்து சேர்ந்திருந்தால்தான் அதற்கு வந்த அலைச்சலுக்குப் பலன்.

அடுத்து பூச்சிமருந்து. இலையில் தெளித்தது காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று நினைப்போம். எல்லா மருந்தும் அப்படியில்லை. இமிடாகுளோப்ரிட் போன்றவை செடிக்குள்ளேயே ஊடுருவி மகரந்தத்திலும் பூந்தேனிலும் வந்து சேர்பவை. அதையும் சேர்த்து மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டதே தேனீக்களுக்காகத்தான். நாம் தெளிக்காவிட்டாலும், நர்சரியிலேயே மருந்து வைத்த செடி வீட்டுக்கு வந்திருக்கலாம், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இயற்கை மருந்துதானே என்று வேப்பெண்ணெய்க் கரைசலைப் பட்டப்பகலில் பூவின் மேலேயே அடிப்பதும் சரியில்லை. தெளித்தே ஆக வேண்டுமென்றால் தேனீக்கள் அடங்கிய பிறகு, பூவைத் தவிர்த்து, தேவையான இடத்தில் மட்டும்.

ஆனால் என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு அதீத சுத்தம். தேனீ என்றதும் நமக்குக் கூடும் தேனடையும்தான் நினைவுக்கு வருகின்றன. உலகில் சுமார் 20,000 தேனீ இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனியாகவே வாழ்கின்றன, அதிலும் பாதிக்கு மேல் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவை. நாமோ ஒரு சாண் இடம் விடாமல் சிமெண்ட் பூசிவிடுகிறோம், மீதி மண்ணையும் வைக்கோல், சருகு என்று கனமான மூடாக்கு போட்டு மறைத்துவிடுகிறோம். வெயில் படுகிற மூலையில் கொஞ்சம் மண்ணைச் சும்மா விட்டுவையுங்கள், கிளறாமல். அப்புறம், பட்ட கட்டையைத் துளைத்துக் குடியிருக்கும் தச்சுத் தேனீயும் ஒன்று உண்டு, கறுப்பாக, தடியாக, பயமுறுத்துகிற சத்தத்தோடு. கத்தரி, தக்காளிப் பூவை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்க்கும் வித்தை அதற்குத் தெரியும், தேன் தரும் தேனீக்குத் தெரியாது. எனவே காய்ந்த கட்டை ஒன்று ஓரமாகக் கிடந்தால் கிடக்கட்டுமே!

தனியாக வாழும் தேனீக்கள் கூடு கட்டுவதற்காகக் குழாய்களை அடுக்கிக் கடையில் விற்கிற ‘தேனீ வீடு’ வாங்குவதானால் குழாய்களின் பின்பக்கம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் தேனீ அவற்றில் கூடு கட்டாது. வருடக்கணக்கில் அதே குழாய்களை மாற்றாமல் வைத்திருந்தால் பூஞ்சையும் ஒட்டுண்ணியும் சேர்ந்துவிடும்.

தண்ணீர் வைப்பது நல்லதுதான், ஆனால் ஆழமான கிண்ணத்தில் வைத்தால் விழுந்து சாகும். தட்டையான தட்டில், தண்ணீருக்கு மேலே தலை நீட்டுகிற கூழாங்கற்களோடு வையுங்கள். ஆனால் தேனை எக்காரணம் கொண்டும் ஊற்றி வைக்காதீர்கள், எங்கிருந்தோ வந்த தேனில் இருக்கும் நோய்க்கிருமி இங்கிருக்கிற கூட்டுக்குப் போய்ச் சேரலாம்.

இத்தனையும் செய்த பிறகு ஒரு நாள் ரோஜா இலையின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல அரைவட்டமாகக் காணாமல் போயிருக்கும். புழு என்று நினைத்து மருந்து டப்பாவைத் தேடாதீர்கள். இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்குள் அறை கட்ட எடுத்துப்போன துண்டு அது, நாலு இலை ஓட்டையானதற்கெல்லாம் செடி செத்துவிடாது.