மலைநாட்டுல இருந்து ரேஸ் ட்ரைவர் ஆகணும்னா: பொம்பளப்புள்ளைங்களுக்கும் அவங்க வீட்டாளுங்களுக்கும்

நுவரெலியா ஏப்ரல் சீசன் முடிஞ்ச கையோட யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ கேக்குற கேள்வி இது, "மகளுக்கு ரேஸ் ஓட்டணுமாம், எங்க கொண்டு போய் சேக்குறது, பொம்பளப்புள்ளைக்கு இதெல்லாம் சரி வருமா?" சரி வரும். ஆனா எந்த வயசுல எதுல சேரலாம், எந்த வயசு தாண்டினா எது கெடைக்காதுன்னு தெரியாம காச எறக்கினா ஒண்ணும் மிஞ்சாது, அதனால மொதல்ல வயசுக் கணக்கு.

வெளிநாட்டுல கார்ட்டிங் (கார்ட்ங்குற சின்ன, தாழ்வான வண்டியில ஓட்டுற ரேஸ்) 7, 8 வயசுல ஆரம்பிச்சுர்றாங்க. அதுக்கு மேல ஃபோர்மியுலா கார், கீழ்ப்படி எஃப்4, அப்புறம் எஃப்3, எஃப்2, உச்சியில எஃப்1. எஃப்4 காருக்கு 15 ஆகணும். 2023ல இருந்து பொம்பளப்புள்ளைங்களுக்குன்னே நடக்குற எஃப்1 அகடமிக்கு 16ல இருந்து 25 வரைக்கும், அதுலயும் ஒருத்தர் ரெண்டு சீசனுக்கு மேல ஓட ஏலாது. எஃப்1 ரேஸ் ஓடணும்னா சுப்பர் லைசன்ங்குற தனி அனுமதி வேணும், அதுக்கு பொதுவா 18 வயசு முடியணும், கீழ்ப்படி ரேஸ்கள்ல மூணு வருஷத்துக்குள்ள 40 பொயின்ட் சேக்கணும், சாதாரண ரோட்டு லைசனும் கையில இருக்கணும். எஃப்2ல மொத மூணு எடத்துல ஒண்ணு வந்தா 40ம் ஒரேயடியா வந்துரும், எஃப்4 சம்பியனுக்கே 12தான், அப்ப எவ்வளவு ஏறணும்னு நீங்களே பாத்துக்கோங்க.

இத வச்சு பாத்தா மகளுக்கு பத்து வயசுக்குள்ளன்னா எல்லாத்துக்கும் நேரம் இருக்கு. ஓ.எல் எடுக்குற வயசுலதான் ஆச வந்துச்சுன்னா எஃப்1 கதைய கொஞ்சம் ஓரமா வச்சுட்டு எஃப்4ம் அகடமியும்தான் குறின்னு போங்க. 20 தாண்டிருச்சுன்னா ஹில் கிளைம்ப் (மலப்பாதையில டைம் வச்சு ஏறுறது), ரெலி (ரோட்டுலயும் காட்டுப்பாதையிலயும் கட்டம் கட்டமா டைம் வச்சு ஓட்டுறது), என்டியூரன்ஸ் (மணிக்கணக்கா ஓடுற ரேஸ்). இத ரெண்டாந்தரம்னு யாராவது சொன்னா மிஷேல் மூட்டான் பேர சொல்லுங்க. பிரான்ஸ்காரி, ரெலிக்குள்ள வந்ததே 20 தாண்டி, அதுவும் பக்கத்து சீட்டுல உக்காந்து ட்ரைவருக்கு பாத நோட்ஸ் வாசிக்கத்தான், அப்புறம் அவங்க அப்பா கார் வாங்கி குடுத்து ஒரு வருஷம் டைம் தாறேன் ஓட்டிக் காட்டுன்னு சொல்லியிருக்காரு. 1981ல சன்ரெமோ ரெலிய ஜெயிச்சாங்க, 1982ல மூணு ரெலி ஜெயிச்சு உலக சம்பியன்ஷிப்ல ரெண்டாவது. அப்பாமாருங்க அந்த "ஒரு வருஷம்" விஷயத்த நல்லா மனசுல போட்டுக்கோங்க, காசுக்கு எல்ல கட்டுன ஒரு டீல் வீட்டுலயும் இருந்தா சண்ட வராது.

எஃப்1ல நெலம வேற. லெல்லா லொம்பார்டி 1975ல ஸ்பெய்ன் ரேஸ்ல ஆறாவதா வந்து அரை பொயின்ட் எடுத்தாங்க (ரேஸ பாதியில நிப்பாட்டினதால அரை), கடைசியா ஒரு பொம்பள எஃப்1 ரேஸ்ல ஸ்டார்ட் பண்ணதும் அவங்கதான், 1976ல. அதுக்கப்புறம் யாரும் இல்ல. 2014லயும் 2015லயும் சூசி வுல்ஃப் எஃப்1 ரேஸுக்கு முன்ன நடக்குற ப்ரெக்டிஸ்ல ஓட்டினாங்க, அதோட சரி. இதுக்கு ஆம்பளைக்கு இருக்குற பலம் பொம்பளைக்கு இல்லன்னு ஈசியா சொல்லிட்டு போயிருவாங்க. எனக்கு அப்படி தோணல. எட்டு வயசுல இருந்து கெழமைக்கு கெழம ஓட்டுன பையன் ஆயிரம் பேர் இருக்குற எடத்துல புள்ளைங்க விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் வருது, வந்ததுக்கும் பதினஞ்சு வயசுலதான் நல்ல வண்டி கெடைக்குது, மேல போகப்போக ஸ்பொன்சர் இல்லாம நின்னுருதுங்க. ஜேமி சட்விக் பொம்பளைங்களுக்குன்னே நடந்த டபிள்யூ சீரீஸ்ல மூணு தடவ சம்பியன், அப்படியும் எஃப்3 சீட் கெடைக்கல, அமெரிக்கா போய் 2024ல ரோட் அமெரிக்காங்குற ட்ராக்ல இண்டி நெக்ஸ்ட் (அங்கத்து பெரிய ரேஸான இண்டிகாருக்கு கீழ்ப்படி) ரேஸ் ஜெயிச்சாங்க. அந்த டபிள்யூ சீரீஸே 2022ல காசு இல்லாம சீசன் முடியுறதுக்கு முன்ன நின்னு போச்சு. கப் கெடைச்சா சீட் தானா வரும்னு யாரும் கணக்கு போடாதீங்க.

சரி, வேலைக்கு வருவோம். மொத படி கார்ட்டிங். நம்ம பக்கம் ட்ராக் இல்ல, பண்டாரகமக்குத்தான் எறங்கணும், ஹட்டன்லயோ பண்டாரவளைலயோ இருந்து போறவங்களுக்கு ஒரு நாள் முழுசா போயிரும். மொதல்ல வாடகை கார்ட்ல ஓட்டவிட்டு பாருங்க, ரெண்டு மூணு தரம் போயும் புள்ள மறுபடி எப்பன்னு கேட்டா மட்டும் அடுத்தத யோசிங்க. முடிய இறுக்கி பின்னி ஹெல்மட்டுக்குள்ளயும் ஜாக்கட்டுக்குள்ளயும் சொருகணும், ஷோல், தொங்குற துணி ஒண்ணும் கூடாது, பின்னால அச்சு மூடாம சுத்திக்கிட்டு இருக்கு, சிக்கினா அவ்வளவுதான். விலா எலும்புக்கு ஒரு பாதுகாப்புக் கவசம் விக்கும், அத கட்டாயம் போடணும், கார்ட்ல ஸ்ப்ரிங் கிடையாது, ஒவ்வொரு குலுக்கலும் நேரா ஒடம்புக்குத்தான் வரும்.

ஓட்டுறதுல ஒண்ணு மட்டும் நல்லா வெளங்கிக்கோங்க. கார்ட்ல பின் ரெண்டு சில்லும் ஒரே அச்சுல இறுக்கியிருக்கு, காருல மாதிரி உள்பக்க சில்லு மெதுவாவும் வெளிப்பக்கது வேகமாவும் சுத்தாது. அப்ப கோர்னர்ல திரும்பணும்னா உள்பக்கத்து பின் சில்லு ரோட்டுல இருந்து லேசா தூக்கணும், ஸ்டியரிங்க திருப்புன ஒடனே அது தூக்கும், அப்பதான் வண்டி சுருக்குன்னு திரும்பும். புதுசா ஓட்டுறவங்க பயத்துல கோர்னருக்குள்ளயே ப்ரேக் அமுக்குவாங்க, சின்ன கார்ட்ல ப்ரேக் பின்னாலதான், சில்லு பூட்டி வண்டி பம்பரமா சுத்திரும். நேரா போகும்போதே எடது கால்ல ப்ரேக்க முடிச்சுட்டு, விட்டு, திருப்பி, காத்திருந்து, வெளிய வர்ற பாத நேராகும்போது கேஸ குடுக்கணும். அந்தக் காத்திருக்குறதுதான் கஷ்டம். இத பழக ஒரு பழைய ஸ்டியரிங் செட்டும் கம்பியூட்டரும் இருந்தா வீட்டுலயே ஓரளவு ஏலும், செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க, கரண்டும் நெட்டும் கட் ஆகுற எடத்துல ஒன்லைன் ரேஸ் சரி வராது, தனியா டைம் வச்சு ஓட்டுங்க. லெப் டைம (ஒரு சுத்துக்கு எடுக்குற நேரம்) எல்லாம் ஒரு கொப்பில எழுதி வைங்க, பின்னாடி ஸ்பொன்சர்கிட்ட காட்ட அது வேணும்.

ஒடம்புக்கு வருவோம். எஃப்2 காருல பவர் ஸ்டியரிங் இல்ல, கையும் தோளும் கழுத்தும் நல்லா இறுகியிருக்கணும், அதுதான் சில புள்ளைங்களுக்கு தடையா இருந்துச்சு. 2024ல வந்த புது எஃப்2 கார்ல ஆம்பள பொம்பள எல்லாரும் ஓட்டுறமாதிரி ஸ்டியரிங் பாரத்த கொறச்சு செஞ்சிருக்காங்க, நல்ல விஷயம். ஆனா அத நம்பி சும்மா இருக்க ஏலாது, பார்ல தொங்குறது, ரப்பர் டியூப்ப தலையில மாட்டி நாலு பக்கமும் இழுக்குறது, மேட்டுல ஓடுறது, மேடு நமக்கு வேணும்ங்குற அளவு இருக்கு. கொழுந்துக் கூடைய தலையில மாட்டிக்கிட்டு மல ஏறுற பொம்பளைங்க ஊருல வந்து பொம்பளைக்கு கழுத்துல பலம் இல்லன்னு சொல்றவன என்ன சொல்றது.

18 ஆகி லைசனும் எடுத்துட்டீங்கன்னா நம்ம வாசல்லயே ரேஸ் இருக்கு. நுவரெலியா மாகஸ்தோட்டை ஹில் கிளைம்ப் வெள்ளைக்காரன் காலத்துல இருந்து நடக்குறது, ஒவ்வொரு வண்டியா தனியா ஏறி டைம் எடுக்கணும், பக்கத்துல இடிக்க ஆள் இல்ல, அதனால புதுசா வர்றவங்களுக்கு இதவிட நல்ல ஆரம்பம் கெடையாது. ரதல்லையிலயும் ஹில் கிளைம்ப் நடந்திருக்கு. நடத்துற கிளப்ல மெம்பராகி போட்டி லைசன் எடுக்கணும், ஸ்டேண்டர்ட் கிளாஸ்ல ஓரளவு சாதாரண வண்டியே போதும், ஹெல்மட், பெல்ட், தீயணைக்கிற சிலிண்டர், ரோல் கேஜ் (வண்டி உருண்டாலும் நசுங்காம இருக்க உள்ள போடுற இரும்புக் கூடு), எந்த கிளாஸுக்கு எது வேணும்னு என்ட்ரி ஃபோர்ம் வாங்கும்போதே கேட்டு வைங்க, செக்கிங்ல திருப்பி அனுப்பினா சீசனே போச்சு. ரம்பொட எறக்கத்துல, பஸ் போற ரோட்டுல ப்ரெக்டிஸ் பண்றவங்கள எனக்கு கண்ணுலயே காட்டாதீங்க. 2024 ஏப்ரல்ல தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸ்ல ஒரு வண்டி கூட்டத்துக்குள்ள பாஞ்சு ஏழு பேர் செத்தாங்க, அது ஒழுங்கா நடத்துற போட்டி, அங்கயே அப்படின்னா ரோட்ட நெனச்சு பாருங்க. ஓட்டுறதுக்கு முன்ன ஒரு வருஷம் மார்ஷலா (ட்ராக் ஓரத்துல பாதுகாப்பு பாக்குற ஆளா) நின்னு கொடி புடிச்சா, எந்த எடத்துல எப்படி வண்டி வெளிய போகுதுன்னு கண்ணால பாத்துரலாம், செலவும் இல்ல.

அதுக்கு அடுத்தது இந்தியா. பாஷ பிரச்சன இல்லாத எடம் அதுதான், சென்னைக்கு பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர்ல செட்டிபாளையம், ரெண்டும் ஒழுங்கான ட்ராக், கராஜ்ல மெக்கானிக்கோட தமிழ்லயே கதைக்கலாம், செட்டப் மாத்துறத பத்தி தெளிவா சொல்ல முடியுறது சின்ன விஷயம் இல்ல. 2022ல ஆரம்பிச்ச இந்தியன் ரேசிங் லீக்ல ஒவ்வொரு டீம்லயும் ஒரு பொம்பள ட்ரைவர் கட்டாயம்னு வச்சாங்க, 2023ல எஃப்4ம் வந்துருச்சு. பாஸ்போர்ட்ட இப்பவே எடுத்து வைங்க.

காசு. எஃப்1 அகடமியோட மொத சீசன்ல ஒவ்வொரு ட்ரைவரும் 1,50,000 யூரோ கொண்டு வரணும்னு இருந்துச்சு, அதே அளவு எஃப்1 போட்டுச்சு. சலுக குடுத்த சீரீஸுக்கே அவ்வளவு! தோட்டத்து நாள் சம்பளத்துல ஒரு செட் டயர் கூட வராது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதனால நகைய அடகு வச்சோ காணிய வித்தோ இதுல எறங்காதீங்க, அடுத்தவங்க காசுல மட்டும் ஓடுங்க. டயர் கடை, ஸ்பெயார்ஸ் கடை, ஃபைனான்ஸ் கொம்பனி, வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர்க்காரங்க, எல்லார்கிட்டயும் கேளுங்க. ஒரு பக்கத்துல கடுதாசி: புள்ள யாரு, எந்த ட்ராக்ல என்ன டைம், அடுத்த ஆறு மாசத்துல எது, அதுக்கு எவ்வளவு, அவங்க பேர் வண்டியில எங்க வரும், அவ்வளவுதான். வறும கதைய ரெண்டு வரிக்கு மேல எழுதாதீங்க, பாவம் பாத்து குடுக்குறவன் ஒரு தடவதான் குடுப்பான். ஒரு ஸ்பொன்சர் புள்ளய மட்டும் தனியா வந்து கதைக்க சொன்னா போகவேணாம், வீட்டாளு ஒருத்தர் கூட இருக்கணும், இத வெளிப்படையாவே சொல்லிருங்க.

ஓட்டுறதுக்கு காசு கூடாமலே போகலாம், அப்பவும் ரேஸுக்குள்ள போக வழி இருக்கு. லோரா முல்லர் 2025ல ஹாஸ்ங்குற எஃப்1 டீம்ல ரேஸ் எஞ்ஜினியரா (ட்ரைவரோட ரேடியோவுல பேசி கார் செட்டப் பாக்குற ஆளா) வந்தாங்க, எஃப்1ல அந்த வேலைக்கு வந்த மொத பொம்பள, ரெட் புல் டீம்ல ஹனா ஷ்மிட்ஸ்தான் ஸ்ட்ரெடஜி (எப்ப டயர் மாத்துறதுங்குற மாதிரி ரேஸ் திட்டம்) பாக்குறாங்க. ஏ.எல்ல மெத்ஸ் எடுத்தா பேராதனை எஞ்ஜினியரிங் ஃபெகல்டி கண்டியிலயே இருக்கு, ஏ.எல் சரி வரலன்னா மொரட்டுவ ஜேர்மன் டெக்ல ஓட்டோமொபைல் படிக்கலாம், கராஜ்ல மதிப்பு இருக்குற பேப்பர் அது. எப்ப அப்ளிகேஷன் கூப்புடுறாங்கன்னு பாத்துக்கிட்டே இருங்க, தங்குறதுக்கு எடத்த முன்னமே விசாரிச்சு வைங்க, ஹட்டன்ல இருந்து தெனம் போய் வர்ற தூரம் இல்ல.