டொர்னாடோ ஓய்ந்த பிறகு என்ன செய்வது? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

2019 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பது மணி. தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. டாலஸுக்கு வடக்கே ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டு அடுப்பில் முறுக்கு வெந்துகொண்டிருந்தபோது எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் டொர்னாடோ எச்சரிக்கை என்று அலறியது. அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறைக்குள் போய்க் குந்திக்கொண்டோம். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தால் எங்களுக்கு வேலி மட்டும் சாய்ந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு தெருவில் கூரைகளே இல்லை.

அன்றிரவு டாலஸைக் கிழித்துக்கொண்டு ரிச்சர்ட்சன் வரை வந்தது மணிக்கு 140 மைல் வேகத்தில் சுழன்றடித்த டொர்னாடோ. சேதத்தை வைத்து 0 முதல் 5 வரை தரம் பிரிக்கும் ஈஎஃப் அளவில் அது ஈஎஃப்-3 ரகம். ஆச்சரியம், ஒருவர்கூடச் சாகவில்லை. ஆனால் மறுநாள் காலை எங்கள் நண்பர் ஒருவர் ஹவாய் செருப்போடு இடிபாட்டைப் பார்க்கப் போய், பலகையோடு கிடந்த ஆணியில் காலை வைத்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்தார். காற்றிடம் தப்பித்தவர் ஆணியிடம் மாட்டிக்கொண்டார்.

இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல. 1982இல் இல்லினாய் மாநிலம் மேரியன் ஊரைத் தாக்கிய டொர்னாடோவுக்குப் பிறகு காயங்களைக் கணக்கெடுத்தார்கள். அவற்றில் பாதி, காற்று நின்ற பிறகு மீட்கப் போனபோதும் குப்பை அள்ளியபோதும் பட்டவை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆணி மிதித்ததால் வந்தவை. டொர்னாடோ வரும்போது எங்கே ஒளிவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அதற்குப் பிறகான நேரத்தைப் பற்றியது.

ஊரில் புயல் என்றால் மூன்று நாளைக்கு முன்பே பெயர் வைத்து, துறைமுகத்தில் கூண்டு ஏற்றி, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிடுவார்கள். இங்கே கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம், சில நேரம் அதுவும் இல்லை. ஆனால் புயல் மாவட்டத்தையே புரட்டிப் போடும். டொர்னாடோ ஒரு கோடு கிழித்தாற்போலப் போகும். தெருவின் இந்தப் பக்கம் வீடு தரைமட்டம், எதிர்ப்பக்கம் துளசித் தொட்டிகூட அசைந்திருக்காது. அதனால் மூன்று மைல் தள்ளிக் கடை, ஆஸ்பத்திரி, நண்பர் வீடு எல்லாம் நன்றாகவே இருக்கும். அங்கே முழுசாகப் போய்ச் சேர்வதுதான் நம் வேலை.

1. உடனே வெளியே ஓடாதீர்கள்

சத்தம் நின்றதும் கதவைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். போனில் வந்த எச்சரிக்கையிலேயே எத்தனை மணி வரை என்று போட்டிருக்கும். அந்த நேரம் முடியட்டும். ஒரே மழைக்கூட்டத்திலிருந்து ஒன்றுக்கு மேல் வரலாம். 2019இல் அந்த ஒரே இரவில் வடக்கு டெக்சஸில் பத்து டொர்னாடோக்கள் இறங்கின. டார்ச்சும், பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோவும் ஒளியும் இடத்திலேயே இருந்தால் இந்தக் காத்திருப்பு அவ்வளவு கொடுமையாக இருக்காது.

2. ஷூ போடுங்கள்

இதற்கு ஒரு தனிப்படியா என்று சிரிக்காதீர்கள். நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். செருப்பு, ஷூ எல்லாம் வாசல் கதவுக்குப் பக்கத்திலோ கராஜிலோ கிடக்கும். காற்று முதலில் பிய்த்துக்கொண்டு போவதும் அந்த இரண்டு இடங்களைத்தான். அப்புறம் உடைந்த கண்ணாடி மேல் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது மாடிப்படி அறையில் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடை இருக்கிறது. ஆளுக்கு ஒரு ஜோடி பழைய ஷூ, உள்ளேயே சுருட்டி வைத்த சாக்ஸ், ஒரு விசில், தடித்த கையுறை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் ஒரு ஜோடி உண்டு. அவர்கள் "எதுக்குப்பா இதெல்லாம்" என்பார்கள். வாங்கி வைத்துவிடுங்கள்.

3. மூக்கு, காது, அப்புறம் கண்

வீட்டில் வெளிச்சம் இல்லையென்றால் தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ வேண்டாம், டார்ச் மட்டும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதா, "உஸ்" என்று சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காஸ் கசிகிறது. லைட் சுவிட்சைத் தொடாமல், போனைக்கூட உள்ளே பயன்படுத்தாமல், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். தள்ளிப் போய் நின்று அவசர உதவி எண் 911 அல்லது காஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள். வெளியே இருக்கும் காஸ் மீட்டர் வால்வை மூடத் தெரிந்து நீங்களே மூடியிருந்தாலும், திரும்பத் திறப்பது கம்பெனிக்காரர்கள் வேலை.

வெளியே வந்ததும் மேலேயும் கீழேயும் பாருங்கள். அறுந்து கிடக்கும் எந்த ஒயரிலும் மின்சாரம் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெருவே இருட்டாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். குறைந்தது 35 அடி தள்ளி இருங்கள், அதாவது இரண்டு கார் நீளத்துக்கும் மேல். தேங்கிய தண்ணீர், இரும்பு வேலி மேல் ஒயர் கிடந்தால் இன்னும் தள்ளி. கார் மேல் ஒயர் விழுந்திருந்தால் காருக்குள்ளேயே உட்கார்ந்து 911ஐக் கூப்பிடுங்கள். இறங்கக் காலைத் தரையில் வைக்கும் அந்த நொடிதான் ஆபத்து.

4. உதவி கேட்பது

உயிர் போகிற விஷயம் என்றால் 911. காயம், தீ, காஸ், யாராவது மாட்டிக்கொண்டிருப்பது எல்லாம் இதில் அடங்கும். எடுத்தவுடன் முதல் வாக்கியத்தில் இடத்தைச் சொல்லுங்கள், லைன் நடுவில் அறுந்தாலும் வண்டி வந்துவிடும். வீட்டு எண்ணும் தெருப் பெயர்ப்பலகையும் பறந்திருக்கலாம். அதனால் பக்கத்துக் குறுக்குத் தெரு, பள்ளி, கடை எதுவாவது சொல்லுங்கள். போன் கால் போகவில்லையென்றால் 911க்கு மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். எல்லா ஊரிலும் இல்லை, பல ஊர்களில் உண்டு. அப்பா அம்மா தனியாக இருந்து ஆங்கிலம் வராவிட்டால் "தமில், இன்டர்ப்ரெட்டர்" என்ற இரண்டு வார்த்தை போதும். பெரும்பாலான ஊர்களில் போனிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிடுவார்கள். அவர்கள் படுக்கும் அறைச் சுவரில் வீட்டு முகவரியையும் இந்த இரண்டு வார்த்தையையும் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

உயிருக்கு ஆபத்து இல்லாத மற்ற எல்லாவற்றுக்கும் 211. எங்கே தங்கலாம், எங்கே சாப்பாடு, மருந்து தீர்ந்துவிட்டது என்ற கேள்விகளுக்கு அந்த எண். செஞ்சிலுவைச் சங்கத்தின் எண் 1-800-733-2767. அவர்களுடைய முகாமில் தங்க விசா நிலையைக் கேட்கமாட்டார்கள். தூக்கம் வராமல், சத்தம் கேட்டாலே பதறுகிறது என்றால் 1-800-985-5990ஐ எந்த நேரமும் கூப்பிடலாம். குழந்தைகளுக்கு இது நிறையத் தேவைப்படும், நாம்தான் "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று மூடி வைப்போம்.

ஊருக்குத் தகவல்: இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே காலை ஏழரை, காபியோடு செய்தி பார்க்கும் நேரம். தம்பியோ அத்தை மகளோ, ஒரே ஒருவருக்கு "எல்லாரும் நலம்" என்று மெசேஜ் போட்டு, மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும் என்று விட்டுவிடுங்கள். ஆளாளுக்கு வீடியோ கால் வந்தால் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

5. யாராவது உள்ளே மாட்டியிருந்தால்

மாட்டிக்கொண்டது நீங்கள் என்றால் கத்தாதீர்கள், தூசி நெஞ்சுக்குள் போகும். வாயைத் துணியால் மூடிக்கொண்டு விசில் ஊதுங்கள். இல்லையென்றால் குழாயிலோ சுவரிலோ தட்டுங்கள். வெளியில் இருப்பவர் நீங்கள் என்றால் ரத்தத்தை அழுத்தி நிறுத்துங்கள், துணை கூப்பிடுங்கள். தீ, காஸ் மாதிரி உடனடி ஆபத்து இல்லாதவரை அடிபட்டவரை நகர்த்த வேண்டாம். கனமான சுவரையும் கூரையையும் நம் கையால் புரட்டப் போவதும் வேண்டாம்.

மீட்புக் குழு வந்து போன வீடுகளில் பெயின்ட் ஸ்பிரேயால் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டிருப்பதைப் பார்க்கலாம். நடைமுறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். வழக்கமாக இடப்பக்கம் குழுவின் பெயர், மேலே தேதியும் நேரமும், வலப்பக்கம் உள்ளே இருக்கும் ஆபத்து, கீழே எத்தனை பேர் கிடைத்தார்கள் என்பது. கீழே பூஜ்யம் இருந்தால் நிம்மதி. உங்கள் வீட்டுக் கதவில் இருந்தால் அழிக்க வேண்டாம், அடுத்த குழு திரும்பத் தேடி நேரத்தை வீணாக்காமல் இருக்கும்.

6. சின்னக் கீறல் என்று விடாதீர்கள்

2011 மே 22இல் மிசௌரி மாநிலம் ஜாப்ளினைத் தாக்கிய ஈஎஃப்-5 டொர்னாடோவில் ஏறக்குறைய 160 பேர் இறந்தார்கள். தப்பித்தவர்களில் 13 பேருக்குக் காயத்துக்குள் பூஞ்சை புகுந்து சதையை அரித்தது. அதில் ஐந்து பேர் இறந்தார்கள். கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்று கேள்விப்பட்டோமே, அதே குடும்பம்தான். மண்ணிலும் மரச்சிராயிலும் இருந்தது காற்றோடு உடம்புக்குள் குத்தப்பட்டிருந்தது.

அதனால் எந்தக் காயத்தையும் சுத்தமான தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சளை அப்பிக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது இங்கே வேண்டாம். ஆழமான காயம், உள்ளே ஏதாவது தங்கிய காயம், ஆணிக்குத்து என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாத பெற்றோருக்கு அடிபட்டால் "பில் என்ன வருமோ" என்று தாமதிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிராபத்தைத் தடுக்க வேண்டும் என்று 1986இலிருந்து சட்டம் இருக்கிறது. பில் பிறகு வரும், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

7. கரண்ட் இல்லாத இரவு

ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓட்டாதீர்கள், கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்கட்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கரி அடுப்பும் அப்படித்தான்.

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24. இட்லி மாவு இன்னும் கொஞ்சம் புளித்தால் என்ன என்று மனசு சமாதானம் சொல்லும். பாலையும் கறிக்குழம்பையும் வைத்து அந்தச் சூதாட்டம் வேண்டாம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

8. போட்டோ, இன்சூரன்ஸ், விசா

எதையும் அள்ளுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். அறை அறையாக, தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன். கூரையில் தார்ப்பாய் போட்டு மழையைத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள். வாடகை வீடென்றால் சுவர் உரிமையாளருடையது, சாமான் உங்களுடையது. வாடகைதாரர் இன்சூரன்ஸ் இருந்தால் பெரும்பாலும் ஹோட்டல் செலவும் அதிலேயே வரும். கார் சேதத்துக்கு, கார் இன்சூரன்ஸில் காம்ப்ரிஹென்சிவ் என்ற பகுதியை (மோதல் அல்லாத சேதத்துக்கானது) எடுத்திருக்க வேண்டும்.

மறுநாளே கதவைத் தட்டிக் கூரைக்காரர்கள் வருவார்கள். "உங்க டிடக்டபிளை (இன்சூரன்ஸ் போக நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) நாங்களே பார்த்துக்கறோம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே கதவைச் சாத்துங்கள், டெக்சஸில் அது சட்டவிரோதம். முழுப் பணத்தை முன்கூட்டிக் கேட்டாலும் அதே மரியாதைதான்.

மத்திய அரசின் பேரிடர் உதவித் துறையான ஃபீமாவின் உதவிக்கு ஜனாதிபதி அந்த வட்டாரத்தைப் பேரிடர் பகுதியாக அறிவித்திருக்க வேண்டும். எல்லா டொர்னாடோவுக்கும் அது நடக்காது. அறிவித்தால் பொதுவாக 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், எண் 1-800-621-3362. பணமாகக் கிடைக்கும் உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் தன் பெயரில் கேட்க முடியாது. ஆனால் வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் விட்டவர்கள் நம்மிலேயே உண்டு. ஃபீமா பரிசோதகர் படம் போட்ட அடையாள அட்டையோடு வருவார், ஒரு டாலர்கூடக் கேட்கமாட்டார்.

பாஸ்போர்ட் பறந்துவிட்டால் முதலில் போலீஸில் புகார், பிறகு இந்தியத் தூதரகம். டெக்சஸுக்கும் ஓக்லஹாமாவுக்கும் ஹூஸ்டனில் உள்ள துணைத் தூதரகம். ஐ-797 (விசா மனு ஒப்புதல் கடிதம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), மார்க்‌ஷீட் எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வையுங்கள். அப்புறம் ஒன்று: வீடு இடிந்து நண்பர் வீட்டுக்கோ வேறு அபார்ட்மென்ட்டுக்கோ குடிபோனால், பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் குடிவரவுத் துறைக்குப் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். ஆன்லைனில் நிரப்பப் பத்து நிமிடம் ஆகும், கட்டணம் கிடையாது.