திரையில் உயரம் இருக்கும், ரேடாரில் இருக்காது: டிரான்ஸ்பாண்டர் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் இருக்கும் என் நண்பர் ஒருவர் ஐந்து வருடம் ஒண்டியாளாக உட்கார்ந்து ஓர் ஆர்வி-7 விமானம் கட்டினார். பறக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் ஒரு பெரிய ஏர்போர்ட்டின் பக்கம் போனபோது கன்ட்ரோலர் கேட்டார்: "உங்கள் உயரம் எனக்கு வரவில்லை, எவ்வளவில் இருக்கிறீர்கள்?" நண்பருக்கு எதிரே, உயரம், வேகம் எல்லாம் காட்டும் ஈஃபிஸ் என்ற எலக்ட்ரானிக் திரையில் 3,500 அடி என்று பளிச்சென்று நின்றது. பக்கத்தில், தரை ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டரின் சின்ன முகத்தில், உயரம் வர வேண்டிய இடத்தில், வெறும் கோடுகள். அதை அவர் அதுவரை கவனிக்கவே இல்லை.

திரை காட்டுவது தனக்குத் தெரிந்ததை. டிரான்ஸ்பாண்டருக்கு அது போய்ச் சேர்ந்ததா, அங்கிருந்து சரியாக வெளியே போனதா என்பது வேறு கதை. கிளாஸ் காக்பிட்டில், அதாவது டயல்களுக்குப் பதில் திரைகள் உள்ள காக்பிட்டில், நான் பார்த்த இணைப்புத் தவறுகளில் முக்கால்வாசி இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கின்றன.

தரையிலிருந்து ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். டிரான்ஸ்பாண்டர் 1090-இல் பதில் சொல்லும். மோட் ஏ என்றால் பைலட் வைக்கும் நாலு இலக்க ஸ்குவாக் எண் மட்டும். மோட் சி என்றால் உயரமும் சேரும். மோட் எஸ் என்றால் விமானத்தின் சொந்த அடையாளமும் போகும். அமெரிக்காவில் 10,000 அடிக்கு மேலேயும், பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 நாட்டிகல் மைலுக்குள்ளேயும் பொதுவாக உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயம். 2020 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய அதே இடங்களில் ஏடிஎஸ்-பி அவுட்டும் (விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்புவது) கட்டாயம்.

நண்பரின் கோளாறுக்கு வருவோம். 25 பின் கனெக்டர் ஒன்றைக் கழற்றி, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் பிளாஸ்டிக்கிலேயே எண் பொறித்திருக்கும், எறும்பு சைஸில். மேனுவலில் இருந்த படம் கனெக்டரை முன்பக்கம் பார்த்து வரைந்தது. அவர் ஒயர் செருகியது பின்பக்கத்திலிருந்து. கண்ணாடியில் பார்த்துப் பொட்டு வைத்த மாதிரி, ஒரு வரிசை முழுக்க இடம் வலமாகியிருந்தது. பவர் ஒயர் மாறி பெட்டி புகையாமல் போனது அவர் அதிர்ஷ்டம். படத்தை நம்பாதீர்கள், பிளாஸ்டிக்கில் உள்ள எண்ணைப் படியுங்கள். பெட்டியை மாட்டும் முன் மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு பின்னையும் கன்டினியூட்டி பாருங்கள். பவர் கொடுத்து, வோல்ட் எந்தப் பின்னில் வருகிறது என்று வெறும் கனெக்டரிலேயே பாருங்கள்.

பின்னைச் சரி செய்தும் உயரம் வரவில்லை. அடுத்த தவறு அங்கே காத்திருந்தது. ஆர்எஸ்-232 சீரியல் இணைப்பில் ஒருவர் பேசும் ஒயர் மற்றவர் கேட்கும் ஒயருக்குப் போக வேண்டும். பேசும் ஒயரான டிஎக்ஸ் போய் இன்னொரு டிஎக்ஸில் முட்டினால், இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்து யாரும் கேட்காத வீடுதான். போதாக்குறைக்கு, சில மேனுவல்களில் 'அவுட்' என்பது இந்தப் பெட்டியிலிருந்து வெளியே என்ற அர்த்தத்தில் இருக்கும், சிலவற்றில் எதிர்ப் பெட்டியின் பார்வையில் எழுதியிருக்கும். இரண்டு பெட்டிக்கும் பொதுவான கிரவுண்டும் வேண்டும். அலுமினிய விமானத்தில் உடம்பே கிரவுண்டாக இருந்து பிழையை மறைத்துவிடும். ஃபைபர் விமானத்தில் தனி ஒயர் இழுக்காவிட்டால் சிக்னல் வரும், போகும்.

ஒயர் சரியானாலும் இரண்டும் ஒரே மொழி பேச வேண்டும். ஈஃபிஸ் பலவற்றில் உயரத்தை அனுப்பும் வடிவத்தையும் வேகத்தையும் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். இக்காரஸ் என்ற வடிவம் என்றால் வேகம் 9600 பாட். இந்தப் பக்கம் அதை வைத்துவிட்டு அந்தப் பக்கம் பழைய அமைப்பையே விட்டால் கோடுகள்தான் வரும். கிங் கேடி 76ஏ போன்ற பழைய பெட்டிகளுக்கு சீரியலே புரியாது. அவை கேட்பது கிரே கோடு. ஒவ்வொரு பிட்டுக்கும் ஓர் ஒயர். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போட்டாக வேண்டும்.

கிரே கோடில் ஒரு வில்லங்கம் உண்டு. ஓர் ஒயர் அறுந்தால் மொத்தமும் நிற்காது. அந்த பிட் தேவைப்படும் உயரங்களில் மட்டும் தப்பு வரும். தரையில் சரி, 2,000 அடியில் சரி, இன்னொரு உயரத்தில் திடீரென்று தாவும். நூறடிப் படிகளைச் சொல்லும் சி வரிசை ஒயர் என்றால் நூறு இருநூறு அடி விலகும், இல்லை உயரமே மறையும். பெரிய படிகளைச் சொல்லும் ஏ வரிசை என்றால் ஆயிரக்கணக்கிலும் தாவலாம். தரையில் ஒருமுறை பார்த்துவிட்டு கையைக் கழுவுவது இங்கே போதாது.

இன்னொன்று, ஒயரிங்கில் தப்பே இல்லாதபோது மனதில் நடக்கும் தவறு. டிரான்ஸ்பாண்டர் எப்போதும் அனுப்புவது 29.92 அங்குலப் பாதரச அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட அழுத்த உயரம். பைலட் ஆல்டிமீட்டரில் வைக்கும் பாரோ எண்ணுக்கும் (உள்ளூர் அழுத்தம்) அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளூர் அழுத்தத்தைத் தரையில் உள்ள கணினி சேர்த்துக்கொள்ளும். ஓடுபாதை 800 அடியில் இருக்கிறது, அன்றைய அழுத்தம் 30.42 என்று வையுங்கள். திரையில் 800, டிரான்ஸ்பாண்டரில் ஏறத்தாழ 300. இரண்டும் சரி. இதைப் பிழை என்று நினைத்து, உயரத்தை அளந்து அனுப்பும் என்கோடரின் கேலிப்ரேஷனைத் திருகி இரண்டையும் 'ஒத்துப்போக' வைத்த ஆட்கள் உண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வானிலையைப் பொறுத்து ரேடாரில் பொய் உயரம்தான். ஒப்பிட வேண்டுமென்றால் ஆல்டிமீட்டரை 29.92-க்குத் திருப்பிவிட்டு ஒப்பிடுங்கள். அமெரிக்க விதி 91.217 அனுமதிக்கும் வித்தியாசம் 125 அடி.

ஆன்டெனாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1090 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குட்டிக் கம்பிக்கு அடியில் உலோகத் தளம் வேண்டும். லாங்-ஈஸி, கிளாஸேர் போன்ற ஃபைபர் விமானங்களில் உள்ளே தகடு ஒட்டாமல் ஆன்டெனாவை மட்டும் மாட்டினால் பாதி வேலைதான். கார்பன் ஃபைபர் தோலுக்குள்ளே ஆன்டெனாவை ஒளித்து வைப்பது சிக்னலுக்குக் கதவைச் சாத்துவது. மிச்சம் கிடந்த ஆர்ஜி-58 கேபிளை இழுக்காமல் ஆர்ஜி-400 வாங்குங்கள். மேனுவல்களில் கேபிள் இழப்புக்கு 1.5 டெசிபல் என்று ஓர் எல்லையைப் பார்த்திருப்பீர்கள். அந்த எல்லையிலேயே பெட்டி அனுப்பும் பவரில் சுமார் 30 சதவீதம் கேபிளில் போய்விடுகிறது.

மோட் எஸ் பெட்டியில் 24 பிட் அடையாள எண் ஒன்று பதிய வேண்டும். அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் பதிவேட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் இந்த எண் இரண்டு விதமாக இருக்கும்: எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் ஒன்று, பதினாறை அடிமானமாகக் கொண்டதில் ஒன்று. என்1 என்ற பதிவுக்கு 50000001 என்பதும் ஏ00001 என்பதும் ஒரே எண்தான். பெட்டி எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் தட்டினால் நீங்கள் வேறு யாரோ ஆகிவிடுவீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டியில் பழைய விமானத்தின் எண் அப்படியே இருப்பது இன்னும் சகஜம். பதிவெண்ணைத் தட்டும் ஃப்ளைட் ஐடியில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்தைப் போடுகிறவர்களும் உண்டு. அமெரிக்கப் பதிவெண்களில் ஓ, ஐ ஆகிய எழுத்துகளுக்கு இடமே இல்லை என்பதை நினைவில் வைத்தால் போதும். அடையாள எண் தப்பாக இருப்பதற்கு ஒரு நல்ல தடயம், திரையில் உங்களை விட்டு நகராமல் கூடவே வரும் ஒரு 'விமானம்'. உங்கள் சொந்த சிக்னலை ஏடிஎஸ்-பி ரிசீவர் அடையாளம் தெரியாமல் ட்ராஃபிக்காகக் காட்டுகிறது. நண்பர் ஒருமுறை அந்தப் பேயிலிருந்து விலக இரண்டு தடவை திரும்பியிருக்கிறார்.

ஏடிஎஸ்-பிக்கு ஜிபிஎஸ் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். திரையில் மேப் காட்டப் போதுமான குட்டி ஜிபிஎஸ் ஆன்டெனாவையே டிரான்ஸ்பாண்டருக்கும் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு வேண்டாம். ஜிபிஎஸ் அனுப்பும் சாதாரண என்எம்இஏ வாக்கியத்தில் இடம் இருக்கும். அந்த இடத்தை எவ்வளவு நம்பலாம் என்ற எண் இருக்காது. விதி கேட்பது அந்த எண்ணைத்தான். சொந்தமாகக் கட்டிய விமானத்தில் சான்றிதழ் பெற்ற ஜிபிஎஸ்தான் வேண்டும் என்றில்லை, ஆனால் அதே திறன் வேண்டும். டைனானின் 2020, கார்மினின் 20ஏ போன்றவை இதற்காகவே வந்தவை. செட்டப் மெனுவில் ஸ்க்வாட் ஸ்விட்ச் (விமானம் தரையில் நிற்கிறதா என்று சொல்வது) உண்டு என்று டிக் போட்டுவிட்டு அப்படி ஒரு ஒயரே இழுக்காமல் விட்டால், விமானம் 5,000 அடியில் பறக்கும்போதும் டிரான்ஸ்பாண்டர் தரையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

சோதனைக்குப் போவோம். விதி 91.413-இன்படி 24 மாதத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பாண்டரைச் சோதிக்க வேண்டும். சொந்தமாகக் கட்டியது என்பதற்காக விலக்கு கிடையாது. உயரத் தகவலில் பிழை புகக்கூடிய எந்த ஒயரிங் வேலைக்குப் பிறகும் மொத்த அமைப்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்கிறது அதே விதி. சோதனைப் பெட்டியை, வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஸ்டாடிக் குழாயில் மட்டும் மாட்டி உறிஞ்சினால் ஏர்ஸ்பீடு சென்சாருக்கு அது பேய் வேகமாகத் தெரியும், உள்ளே இருக்கும் சென்சார் பழுதாகலாம். வேகம் அளக்க உதவும் பிட்டோ குழாயையும் ஸ்டாடிக்கையும் சேர்த்தே மாட்டச் சொல்லுங்கள். தாக்குக்கோணத் துளை இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். வாயால் ஊதிப் பார்க்கவே கூடாது.

நண்பரின் விமானத்தில் டெக்னீஷியன் ஸ்டாடிக்கை உறிஞ்சி ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொண்டே போனார். நான் திரையைப் படித்தேன், நண்பர் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்த டெஸ்ட் செட்டைப் படித்தார், இரண்டு எண்களையும் டெக்னீஷியன் தாளில் எழுதினார். அடுத்த வாரம் நண்பர் பறந்துவிட்டு எஃப்ஏஏ தளத்தில் ஏடிஎஸ்-பி செயல்திறன் அறிக்கை கேட்டார். விலை எதுவும் இல்லை, மின்னஞ்சலில் வந்துவிடும். ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக இருந்தது: ஃப்ளைட் ஐடி. அவருடைய பதிவெண்ணின் கடைசியில் வரும் எழுத்தை அவர் தட்ட மறந்திருந்தார்.